ஒரு வரிப் பிழையா? ஏரியேன் 501 அறிக்கையை மறுபடி படித்தபோது

கம்ப்யூட்டர் படித்த யாரிடமாவது ஏரியேன் 5 ராக்கெட் ஏன் வெடித்தது என்று கேட்டுப் பாருங்கள். "64 பிட் நம்பரை 16 பிட்டுக்குள்ள திணிக்கப் பாத்தாங்க, வெடிச்சிருச்சு" என்று ஒரே மூச்சில் பதில் வரும். நான் பி.இ. படித்தபோதும் இப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஒரு படம், ஒரு வரி, அடுத்த பாடம்.

அந்த விபத்தின் விசாரணை அறிக்கையை நான் முழுசாகப் படித்தது பல வருஷம் கழித்து, அதுவும் என் வேலையில் நடந்த ஒரு காரியம் உறுத்தியதால். அது என்ன என்று கடைசியில் சொல்கிறேன். போன மாதம் மறுபடி உட்கார்ந்து படித்தேன். சில பக்கங்கள்தான், ஒரு மாலையில் முடித்துவிடலாம். படித்து முடித்ததும் தோன்றியது இது: அந்த அறிக்கை மிக நேர்மையானது, ஆனால் அதன் முடிவுரை அதன் உடம்பைவிடச் சின்னது. நாம் எல்லோரும் முடிவுரையை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டோம்.

நடந்தது என்ன

1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானாவில் உள்ள கூரூ ஏவுதளம். ஏரியேன் 5-இன் முதல் பயணம். உள்ளே க்ளஸ்டர் திட்டத்தின் நான்கு ஆய்வுச் செயற்கைக்கோள்கள். கிளம்பிச் சுமார் 37 விநாடிகள் எல்லாம் ஒழுங்கு. அப்புறம் ராக்கெட் திடீரென்று சாய்ந்தது, காற்றின் விசையில் உடைந்தது, வெடித்தது. அப்போது உயரம் சுமார் 3,700 மீட்டர்.

ஜாக் லூயி லியோன்ஸ் என்ற பிரெஞ்சுக் கணித அறிஞர் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். ஜூலை 19-ஆம் தேதி அறிக்கை வெளியே வந்துவிட்டது. ஒன்றரை மாதம்!

ராக்கெட்டுக்குள் இனர்ஷியல் யூனிட் என்று ஒரு பெட்டி இருக்கும். ஜைரோவும் முடுக்கமானியும் அதற்குள்ளேயே ஒரு சின்ன கணினியும் சேர்ந்தது. "நாம இப்போ எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருக்கோம், எவ்வளவு வேகத்துல போறோம்" என்று மையக் கணினிக்குச் சொல்வதுதான் அதன் வேலை. மையக் கணினி அதைக் கேட்டு எஞ்சின் மூக்குகளைத் திருப்பும். ஒன்று பழுதானால் இன்னொன்று என்று ஒரே மாதிரி இரண்டு பெட்டிகள் இருந்தன.

பெட்டிக்குள் ஓடிய நிரலில், கிடைமட்ட வேகத்தைச் சார்ந்த ஓர் எண் 16 பிட்டுக்கு அடங்காத அளவுக்குப் பெரிதாகிவிட்டது. நிரல் கையை விரித்தது, பெட்டி நின்றது. மாற்றுப் பெட்டிக்குத் தாவலாம் என்றால், அது சற்று முன்புதான் அதே காரணத்தால் நின்றிருந்தது. இரண்டிலும் ஒரே நிரல், ஒரே தரவு. வேறென்ன நடக்கும்?

இதுவரை எல்லோருக்கும் தெரிந்த கதை.

அறிக்கைக்குள் இருக்கும் கதை

அறிக்கை இதற்கு மேல் நான்கு கேள்விகளுக்குப் பதில் தருகிறது. வகுப்பறைக்கு இவை வந்து சேரவே இல்லை.

முதலாவது, அந்த நிரல் ஏன் பறக்கும்போது ஓடியது? அது தரையில் நிற்கும்போது பெட்டியை நேர்படுத்துவதற்கான நிரல். ஏரியேன் 5 கிளம்பியபின் அதனால் ஒரு பயனும் கிடையாது. ஏரியேன் 4-இல், கவுன்ட்டவுன் கடைசி நொடிகளில் நிறுத்தப்பட்டால் மறுபடி முதலிலிருந்து நேர்படுத்தாமல் தொடரலாம் என்பதற்காக, அதைக் கிளம்பிய பிறகும் கொஞ்ச நேரம் ஓட விட்டிருந்தார்கள். 1989-இல் ஒரே ஒரு முறை அது உதவியது. ஏரியேன் 5-க்கு அந்தத் தேவையே இல்லை. ஆனாலும் "நல்லா ஓடுற நிரலை எதுக்குத் தொடணும்" என்று விட்டுவிட்டார்கள்.

இரண்டாவது, எண் பெரிதாகும் என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது! இப்படி வழிந்துவிடக்கூடிய ஏழு மாறிகளை அடையாளம் கண்டு, நான்குக்குப் பாதுகாப்பு போட்டார்கள். மூன்றை விட்டார்கள். காரணம், பெட்டிக்குள் இருந்த ப்ராசசரின் சுமை 80 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஓர் இலக்கு. மூன்றும் இயற்பியல் விதிப்படியே பெரிதாக வழியில்லை, அல்லது போதுமான இடைவெளி இருக்கிறது என்று கணக்குப் போட்டார்கள். ஏரியேன் 4-இன் பாதைக்கு அந்தக் கணக்கு சரி. ஏரியேன் 5-இல் கிடைமட்ட வேகம் ஐந்து மடங்கு விரைவாக ஏறும்.

மூன்றாவது, அந்தப் புதிய பாதையின் விவரம் பெட்டி செய்தவர்களுக்குப் போனதா? இல்லை. பெட்டிக்கான தேவைக் குறிப்பில் ஏரியேன் 5-இன் பாதைத் தரவு சேர்க்கப்படவில்லை. மறந்துபோய் அல்ல, கூடிப் பேசி எடுத்த முடிவு.

நான்காவதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. பிழை வந்தால் பெட்டி ஏன் நிற்க வேண்டும்? ஏனென்றால் குறிப்பில் அப்படித்தான் எழுதியிருந்தது. பிழை என்றாலே ஒரு சில்லு சூடாகிச் செத்துப்போவது மாதிரி, எதேச்சையான வன்பொருள் பழுது என்று நினைத்தார்கள். பழுதானதை நிறுத்து, மாற்று பார்த்துக்கொள்ளும். வன்பொருளுக்கு இது நல்ல புத்தி. மென்பொருள் எதேச்சையாகப் பழுதாவதில்லை. ஒரே நிரலை இரண்டு பெட்டியில் வைத்தால் ஒரே தப்பு இரண்டு தடவை நடக்கும், அவ்வளவுதான்.

இதற்கு மேல் இன்னொன்றும் உண்டு. நின்றுபோன பெட்டி சும்மா நிற்கவில்லை. "எனக்கு இன்ன பழுது" என்று ஒரு கண்டறிதல் குறியை அதே கம்பியில் அனுப்பியது. மையக் கணினி அதைப் பறத்தல் தரவு என்றே எடுத்துக்கொண்டது. ராக்கெட் பயங்கரமாகத் திரும்பியிருக்கிறது என்று நம்பி, இல்லாத சாய்வைச் சரிசெய்ய எஞ்சின் மூக்குகளைக் கடைசி வரை திருப்பியது. ராக்கெட்டை உண்மையில் சாய்த்தது அந்தத் திருத்தம்தான். "எனக்கு உடம்பு சரியில்லை" என்று ஒருவர் சொன்னதை, வழி சொல்கிறார் என்று நினைத்து இன்னொருவர் வண்டியைத் திருப்பிய கதை.

என் குறை

இத்தனையும் எழுதிவிட்டு, குழு முடிவுரையில் காரணத்தை எங்கே வைக்கிறது? இனர்ஷியல் யூனிட்டின் மென்பொருளில் இருந்த குறிப்புப் பிழைகள், வடிவமைப்புப் பிழைகள் என்று வைக்கிறது. பொய் இல்லை. ஆனால் மேலே சொன்ன நான்கில் எது மென்பொருளுக்குள் இருக்கிறது? 80 சதவீதம் என்பது ப்ராசசர் வாங்கிய நாளில் தீர்மானமானது. பாதைத் தரவு கூட்டங்களில் விடுபட்டது. நின்றுபோ என்ற கட்டளை வன்பொருள் மரபிலிருந்து வந்தது. கண்டறிதல் குறியும் தரவும் ஒரே கம்பியில் போனது இரண்டு பெட்டிகளுக்கு நடுவே நடந்த காரியம். எல்லாவற்றையும் "மென்பொருள்" என்ற ஒரு சட்டிக்குள் போட்டு மூடினால், படிக்கிறவன் சட்டியின் பெயரைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வான்.

குழுவுக்கு நியாயமும் சொல்ல வேண்டும். பரிந்துரைகள் முடிவுரையைவிடப் பெரிய மனசு. தேவையில்லாத நிரல் பறக்கும்போது ஓடக் கூடாது, சோதனையில் முடிந்தவரை நிஜக் கருவிகளையே வைக்க வேண்டும், எந்த சென்சாரும் தன்னால் முடிந்த அளவுக்கான தரவை அனுப்புவதை நிறுத்தக் கூடாது என்கிறார்கள். இந்த மூன்றாவதை நான் பிரின்ட் எடுத்து மேசைக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.

1997-இல் ஜெசெக்கெல், பெர்ட்ராண்ட் மேயர் இருவரும் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு நிரல் துண்டும் தன் நிபந்தனையைத் தானே சுமந்திருந்தால் இந்த விபத்து தடுக்கப்பட்டிருக்கும் என்று வாதிட்டது. "இந்த எண் 16 பிட்டுக்குள் அடங்கும்" என்ற ஒப்பந்தம் நிரலிலேயே எழுதியிருந்தால், மறுபயன்பாடு செய்தவர் கண்ணில் பட்டிருக்கும் என்பது வாதம். எனக்கு இதில் பாதி உடன்பாடு. ஒப்பந்தம் மீறப்பட்டால் என்ன செய்வது என்ற கேள்வியை அது தொடுவதில்லை. 3,700 மீட்டர் உயரத்தில் ஒப்பந்தம் முறிந்தால் யாரிடம் போய் முறையிடுவது? அதற்கு மொத்த வண்டியையும் தெரிந்த ஒருவர் முன்பே உட்கார்ந்து யோசித்திருக்க வேண்டும்.

அதே கதை, செவ்வாயில்

"வரம்புக்கு மேல் போனால் வரம்பிலேயே பிடித்து நிறுத்தியிருக்கலாமே, ஒரு வரி போதுமே" என்று கேட்பீர்கள். உண்மை. அன்றைக்கு அந்த ஒரு வரி ராக்கெட்டைக் காப்பாற்றியிருக்கும், ஏனென்றால் அந்த எண்ணே யாருக்கும் தேவைப்படவில்லை. ஆனால் தப்பான சேதியைச் சத்தமில்லாமல் வாங்கி வைத்துக்கொள்ளும் மென்பொருள் என்ன செய்யும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது.

நாசாவின் மார்ஸ் போலார் லேண்டர் 1999 டிசம்பர் 3 அன்று செவ்வாயில் இறங்கும்போது தொலைந்தது. இறங்கும் நேரத்தில் சேதி அனுப்ப அதற்கு வசதி வைக்கவில்லை, அதனால் நேரடிச் சாட்சி ஒன்றும் கிடையாது. ஜான் கசானி தலைமையிலான ஆய்வுக் குழு 2000 மார்ச்சில் சொன்ன மிகச் சாத்தியமான காரணம் இது: கால் மூன்றிலும் தரை தொட்டதைச் சொல்லும் காந்த சென்சார்கள். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் கால்கள் விரியும்போது ஏற்படும் உதறலில் சென்சார் ஒரு கணம் "தொட்டாச்சு" என்று சொல்லும். மென்பொருள் அதைக் குறித்து வைத்துக்கொண்டது, அழிக்கவில்லை. 40 மீட்டர் உயரத்தில் "இனி சென்சாரைக் கேள்" என்ற கட்டம் வந்ததும் பழைய குறிப்பைப் பார்த்தது. தொட்டாச்சு என்று இருந்தது. எஞ்சினை அணைத்தது. விநாடிக்கு 22 மீட்டர் வேகத்தில் மோதல்.

உதறல் வரும் என்பது கால் செய்தவர்களுக்குத் தெரியும். மேல்மட்டத் தேவைக் குறிப்பிலும் 40 மீட்டருக்கு முன் சென்சாரைப் பயன்படுத்தாதே என்று இருந்தது. ஏன் என்ற காரணம் மட்டும் நிரல் எழுதுபவரின் குறிப்புக்கு இறங்கி வரவில்லை. அவர் 40 மீட்டருக்கு முன் பயன்படுத்தவில்லைதான். சொன்னதைச் செய்தார்.

சரி, பயன்படுத்தப் போவதில்லை என்றால் அவ்வளவு உயரத்திலிருந்து ஏன் சென்சாரைப் படித்துக்கொண்டே வந்தார்கள்? ப்ராசசரின் சுமை திடீரென்று ஏறாமல் ஒரே சீராக இருக்க வேண்டும் என்பதற்காக!

இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது இங்கேதான். ஒன்றில் 80 சதவீதம், இன்னொன்றில் சீரான சுமை. இரண்டு இடத்திலும் ப்ராசசரின் மூச்சுத் திணறல்தான் மென்பொருளின் குணத்தைத் தீர்மானித்தது. இரண்டு இடத்திலும் பழி ஒரு வரி நிரலுக்கு.

நம்புவதா, சந்தேகப்படுவதா

அப்படியானால் சென்சாரை எப்போதும் சந்தேகப்படு என்று ஒரு விதி போட்டுவிடலாமா? அதுவும் கைகொடுக்காது. 2016 அக்டோபரில் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி, பாராசூட் விரிந்த உலுக்கலில் இனர்ஷியல் யூனிட் எதிர்பார்த்ததைவிட நீண்ட நேரம், சுமார் ஒரு விநாடி, உச்சத்தில் முட்டிக்கொண்டு நின்றதை நம்பியது. கணக்குத் தப்பி, உயரம் பூஜ்யத்துக்கும் கீழே என்று வந்தது. தரைக்குக் கீழே பறக்க முடியாது என்று யாரும் அதற்குச் சொல்லவில்லை. 3.7 கிலோமீட்டர் உயரத்தில் பாராசூட்டைக் கழற்றிவிட்டு விழுந்தது. 2023 ஏப்ரலில் ஜப்பானிய நிறுவனத்தின் ஹகூட்டோ-ஆர் நேர்மாறு. நிலவின் ஒரு பள்ளத்து விளிம்பைத் தாண்டியபோது உயரம் சுமார் 3 கிலோமீட்டர் சட்டென்று கூடியதாக சென்சார் சொன்னது. சொன்னது உண்மை. மென்பொருள் "இவ்வளவு தாண்டுமா, சென்சார் பழுது" என்று தள்ளிவிட்டது. தரையில் இருப்பதாக நினைத்துக்கொண்டு 5 கிலோமீட்டர் உயரத்திலேயே எரிபொருளைத் தீர்த்தது. வடிவமைப்பு ஆய்வு முடிந்த பிறகு இறங்கும் இடத்தை மாற்றியிருந்தார்கள். பழைய இடத்துக்கு எழுதிய சந்தேகம், புதிய இடத்தில் உண்மையைக் கொன்றது.

கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்பார்கள். இயந்திரத்துக்குத் தீர விசாரிக்க மில்லி விநாடிகள்தான் உண்டு. விசாரணையை மனிதர்கள் முன்கூட்டியே, மேசையில் உட்கார்ந்து முடித்திருக்க வேண்டும். சந்திரயான்-3 சமயத்தில் அன்றைய இஸ்ரோ தலைவர் சோமநாத், தோல்வியை முன்வைத்து வடிவமைத்தோம் என்று சொன்னது இதைத்தான். எந்த சென்சார் கெட்டால் என்ன, எந்த எஞ்சின் நின்றால் என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். வேகத்தை அளக்க ஒரு லேசர் கருவியைப் புதிதாகச் சேர்த்தார்கள். இறங்கும் களத்தை 500 மீட்டர் சதுரத்திலிருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரித்தார்கள். மென்பொருள், வன்பொருள், இடம் மூன்றையும் ஒரே மேசையில் வைத்த வேலை இது.

என் பங்கு

இப்போது அந்தக் காரியம். பத்து வருஷம் முன்பு, கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில், பஞ்சு கேன்களை இழுத்துப்போகும் தானியங்கி வண்டிக்கு நான் நிரல் எழுதினேன். முன்னால் அல்ட்ராசானிக் சென்சார். எதிரொலி வராவிட்டால் 0 என்று அனுப்பும். ஆலையில் பஞ்சுத் தூசி படிந்து அடிக்கடி 0 வரும், வண்டி நடுவழியில் நிற்கும். தினமும் புகார். நான் ஒரு வரி எழுதினேன்: 0 வந்தால் கண்டுகொள்ளாதே, கடைசியாக வந்த நல்ல அளவை வைத்துக்கொள்.

ஆள் ரொம்பக் கிட்டே இருந்தாலும் அந்த சென்சார் 0 தான் அனுப்பும்.

மெஷின் சந்திலிருந்து ஒரு தொழிலாளி சட்டென்று குறுக்கே வந்தார். நிரலுக்கு முந்தின அளவு, இரண்டு மீட்டர், ஞாபகத்தில் இருந்தது. வண்டி போய்க்கொண்டே இருந்தது. குதிகாலில் இடித்த பிறகு பம்பர் சுவிட்ச் மோட்டாரின் கரன்ட்டை வெட்டியது. அந்த சுவிட்சுக்கு நிரல் கிடையாது, அதனால்தான் அவர் கால் தப்பியது. இரண்டு வாரம் நொண்டினார்.

விபத்துப் படிவத்தில் மூன்று கட்டங்கள்: வன்பொருள், மென்பொருள், இயக்குபவர். "0ன்னா ரீடிங் இல்லைன்னு டேட்டாஷீட்லயே போட்டிருக்குதுங்களே, பாக்கலீங்களா?" என்றார் போர்டு செய்த நண்பர். "ரெண்டு அர்த்தத்துக்கும் ஒரே நம்பரா அனுப்பினா நான் என்னங்க பண்றது?" என்றேன் நான். மூன்று நாள் சண்டை. கடைசியில் யாருக்கும் நோகாமல் மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தார்கள். மஞ்சள் கோட்டுக்குள் அவர் வந்தது தப்பாம். கீழே என் கையெழுத்தும் இருக்கிறது.

பார்க்கப் போனபோது அவர் சொன்னார்: "வண்டி என்னைப் பாத்துருச்சுன்னு நெனச்சேங்க தம்பி."

அதற்கு முன் ஐம்பது தடவை அவரைப் பார்த்து நின்ற வண்டிதானே, ஏன் நம்ப மாட்டார்?

அந்த வாரம்தான் லியோன்ஸ் அறிக்கையைத் தேடிப் படித்தேன். இப்போது என்னிடம் வேலை பழகும் பிள்ளைகளுக்கு, ஒரு சென்சார் எண் நிரலுக்குள் வரும்போது கூடவே இரண்டு விஷயம் வர வேண்டும் என்று சொல்கிறேன்: அது எப்போது எடுத்தது, அதை நம்பலாமா. நம்ப முடியாவிட்டால் வண்டி என்ன செய்யும் என்பதை போர்டு செய்தவரும் நிரல் எழுதியவரும் அந்த வண்டிக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே தாளில் எழுத வேண்டும். சோதனையை நிஜ சென்சாரோடு, நிஜத் தூசியோடு செய்ய வேண்டும்.

படிவத்திலும் நான்காவதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறோம். "இடையில்" என்று பெயர். புதுப் பிள்ளைகள் முதலில் சிரிக்கிறார்கள். வருஷக் கடைசியில் கூட்டிப் பார்த்தால் அதிக டிக் விழுவது அதில்தான்.